படர்ந்து தொங்கும் ரோஸ்மேரி: ‘ஐரீன்’ ரகம் ஒரு மதிப்பீடு

தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே வழியும் என்று சொல்லி விற்கப்படும் ரோஸ்மேரிச் செடிகளில் பலவும் இரண்டாம் ஆண்டில்தான் தங்கள் உண்மையான இயல்பைக் காட்டுகின்றன. சிறு தொட்டியில் இருக்கும் இளஞ்செடியின் தண்டு மெல்லியது. எந்த ரகமாக இருந்தாலும் அது தன் எடையைத் தாங்காமல் சற்றுச் சாயும். அந்தச் சாய்வை நம்பி வாங்கி வந்த பிறகு, தண்டு கட்டைபோல் இறுகும் பருவத்தில், நடுவிலிருந்து நேராக ஒரு கிளை கிளம்பித் தொங்கு தொட்டியின் கயிற்றைத் தொட்டு நிற்கும். ‘ஐரீன்’ என்ற பெயரில் விற்கப்படும் ரகத்தை நான் வளர்த்துப் பார்க்கத் தொடங்கியது இந்தக் கேள்வியை வைத்துத்தான்: முதிர்ந்த பிறகும் இது தொங்குமா? தொங்குகிறது. ஆனால் நறுமணச் செடி ஒன்றை வாங்குபவர் அந்தப் பதிலோடு திருப்தி அடைந்துவிட முடியாது. படரும் இயல்பைத் தேடிச் செய்த தேர்வில் இலையின் மணம் எவ்வளவு கவனிக்கப்பட்டது என்பதையும் அவர் கேட்க வேண்டும்.

பெயர்ச்சீட்டில் இரண்டு விதமான அறிவியல் பெயர்களைக் காணலாம். நெடுங்காலமாக ரோஸ்மரினஸ் அஃபிசினாலிஸ் என்று அழைக்கப்பட்ட இச்செடியை, மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2017-இல் சால்வியா பேரினத்துக்குள் சேர்த்தனர்; இப்போது அது சால்வியா ரோஸ்மரினஸ். பழைய பெயரையே அச்சிடும் நாற்றங்கால்கள் இன்னும் நிறைய உள்ளன. இரண்டும் ஒரே செடிதான் என்பதால் இதில் வாங்குபவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. ஏமாற்றம் நேர்வது ரகப் பெயரில். ‘ப்ராஸ்ட்ராட்டஸ்’ என்ற பெயரில் விற்கப்படுபவை அனைத்தும் ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்தவை அல்ல. பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி அதைத் தனி ரகமாகக் கொள்ளாமல் ‘ப்ராஸ்ட்ராட்டஸ் தொகுதி’ என்றே பட்டியலிடுகிறது. அந்தப் பெயரில் ஓர் இடத்தில் வாங்கிய செடி தரையோடு தரையாகக் கிடக்கும். இன்னோர் இடத்தில் வாங்கியது முழங்கால் உயரத்துக்குக் குவியும். தனிப் பெயரும் தெரிந்த பிறப்பிடமும் கொண்ட ரகத்தைத் தேடிப் போவதற்கு இதுவே போதுமான காரணம்.

‘ஐரீன்’ அப்படிப்பட்ட ரகம். கலிஃபோர்னியாவில் ஒரு தோட்டத்தில் தானாக முளைத்த நாற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இது, ‘ரென்செல்ஸ்’ என்ற பெயரில் 1990-களின் நடுவில் அமெரிக்கத் தாவரக் காப்புரிமை பெற்றது. அந்த உரிமைக்காலம் முடிந்து நாளாகிவிட்டதால் இன்று பல நாற்றங்கால்கள் இதைப் பெருக்கி விற்கின்றன. அதே காரணத்தால் சரியான செடியா என்று பார்த்து வாங்கும் பொறுப்பும் வாங்குபவர் தலையில் விழுகிறது.

படரும் இயல்பு என்பது வெறும் தளர்ச்சி அன்று. ‘ஐரீன்’ ரகத்தின் சிறப்பு அதில்தான் அடங்கியிருக்கிறது. தண்டின் உட்புற அடுக்கு ஒன்றில் மாவுச்சத்து நிறைந்த நுண்மணிகள் உள்ளன. செடி சாயும்போது அவை புவியீர்ப்பின் திசையில் நகர்ந்து படிகின்றன. அதை உணர்ந்து வளர்ச்சி ஊக்கியான ஆக்சின் தண்டின் கீழ்ப்பக்கத்தில் கூடுதலாகச் சேர, அந்தப் பக்கம் வேகமாக நீண்டு, தண்டு மேல்நோக்கி வளைகிறது. ஆனால் எல்லாக் கிளையும் செங்குத்தாக நிமிர்வதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் அது நின்றுகொள்ள விரும்பும் ஒரு கோணம் உண்டு. படரும் செடியில் அந்தக் கோணம் கிடைமட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழாகவோ அமைந்துவிடுகிறது. மற்றச் செடிகளில் இதற்குப் பொறுப்பான மரபணுக்கள் சில அடையாளம் காணப்பட்டுள்ளன. காட்டு நெல்லின் படுத்த வளர்ச்சியை நிர்ணயிக்கும் ‘ப்ராக்1’ என்ற மரபணு 2008-இல் விவரிக்கப்பட்டது. அது செயலிழந்த நெல்லையே நம் முன்னோர் நிமிர்ந்த பயிராகத் தேர்ந்தெடுத்தனர். ‘வீப்’ என்ற மரபணு கெட்டுப்போன பீச் மரத்தின் கிளைகள் தரையை நோக்கி இறங்குவதை 2018-இல் விளக்கினர். உழவர் நிமிர்ந்ததைத் தேடினார். தோட்டக்காரர் அதே குணத்தின் எதிர்முனையைத் தேடுகிறார். ரோஸ்மேரியில் இந்தத் தேடல் பெரும்பாலும் கண்ணால் கோணத்தைப் பார்த்தே நடந்திருக்கிறது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தொட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, நல்ல வெயிலில் சில நாட்கள் விட்டுப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து வளரும் ரகமாக இருந்தால் இளங்கிளைகளின் நுனி முழுவதும் வானத்தை நோக்கித் திரும்பிவிடும். ‘ஐரீன்’ செடியில் நுனியின் கடைசி விரற்கடை மட்டும் சற்று எழுந்தது; மற்ற நீளம் இருந்தபடியே கிடந்தது. தொட்டியை நிமிர்த்திய பிறகு வந்த புதுத் தண்டுகள் வெளிப்புறமாக ஓர் இடத்தில் வளைந்து, விளிம்பைத் தாண்டியதும் தாமாகவே இறங்கின. வெயிலில் விடுவது இங்கே முக்கியம். நிழலில் எந்த ரோஸ்மேரியும் ஒளியைத் தேடி நீளும். படரும் ரகமும் அப்போது நுனியைத் தூக்கிவிடும். கூரைக்கடியில் வைத்துவிட்டு “இது படரவில்லை” என்று குறைகூறும் கருத்துகளைப் பார்க்கும்போது, குறை ரகத்திலா இடத்திலா என்று கேட்கத் தோன்றுகிறது.

மற்றப் படரும் ரகங்களோடு ஒப்பிட்டால் ‘ஐரீன்’ எங்கே நிற்கிறது என்பது தெளிவாகும். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் நார்மன் ஹேடன் உருவாக்கிய ‘செவர்ன் சீ’ பூவுக்குப் பெயர்பெற்றது. ஆனால் அதன் கிளைகள் வில்லாக வளையுமே தவிர விழுவதில்லை. அதைத் தொங்கு தொட்டிக்கு வாங்குவது வீண். தரையில் நட்டால் அழகு. சாண்டா பார்பராவில் நிலத்தோட்ட வடிவமைப்பாளர் லாக்வுட் டி ஃபாரஸ்டின் தோட்டத்தில் முளைத்து அவர் பெயரையே பெற்ற ரகமும் ஒன்று உண்டு. அது பழையது, சுவர்மேல் நன்றாக வழியும், ஆனால் முதிரும்போது நடுப்பகுதி குவிந்து கட்டையாகிறது. ஹன்டிங்டன் தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த ‘ஹன்டிங்டன் கார்ப்பெட்’ தரையை மூடுவதில் எல்லாவற்றையும் விடச் சிறந்தது. நடுவில் இலை உதிர்ந்து வெறுமையாகாமல் அடர்த்தியாகவே இருப்பது அதன் தனிக்குணம். தரைக்கு எதை நடலாம் என்று கேட்டால் நான் அதையே சொல்வேன். தொட்டியிலிருந்து நீளமாகத் தொங்க வேண்டும் என்றால் ‘ஐரீன்’. அதன் வேகமும் குறிப்பிடத்தக்கது: தரையில் விட்டால் ஓர் ஆண்டிலேயே இரண்டு அடிக்கு மேல் பரவக்கூடியது என்பதால் சிறிய பாத்தியில் நட்டு, பிறகு ஒடுக்கப் பார்ப்பது அறிவுடைமை ஆகாது.

இத்தகைய ரகங்களைத் திட்டமிட்டு உருவாக்குவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தால், இவற்றில் பலவும் ஏன் தோட்டத்தில் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டவையாக இருக்கின்றன என்பது விளங்கும். ரோஸ்மேரிப் பூவில் இரண்டே மகரந்தத் தாள்கள் உள்ளன. பூ விரியும்போது முதலில் மகரந்தம் முதிர்ந்து, அதன் பிறகே சூல்முடி மகரந்தத்தை ஏற்கும் நிலைக்கு வருகிறது. கலப்பு செய்ய விரும்புபவர் மொட்டு விரியும் தறுவாயில் அந்த இரண்டு தாள்களையும் இடுக்கியால் அகற்றி, தேனீ அணுகாதபடி மெல்லிய துணிப்பையால் மூடி, ஓரிரு நாளில் தேர்ந்த தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும். மகரந்தமே உருவாகாத ஆண்மலட்டுப் பூக்களை மட்டும் தாங்கும் செடிகளும் இயற்கையில் உண்டு. அவை தாயாகக் கிடைத்தால் இடுக்கி வேலை மிச்சம். இவ்வளவுக்கும் பிறகு ஒரு பூவிலிருந்து அதிகம் போனால் நான்கு விதைகள்தான் கிடைக்கும். அவற்றிலும் முளைப்பவை குறைவு. முளைப்பவையும் மெதுவாகவே வளரும்.

நாற்றுகள் வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நன்றாகத் தொங்கும் தாயையும் மணம் மிகுந்த தந்தையையும் சேர்த்தால் பிள்ளைகள் இரண்டு நல்ல குணங்களையும் ஒருசேரப் பெறும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒன்று நிமிரும், ஒன்று பாதி சாயும், ஒன்று தொங்கும் ஆனால் மணம் மங்கும். முதல் தலைமுறையில் விரும்பிய சேர்க்கை அமையாவிட்டால் அவற்றையே தமக்குள்ளோ பெற்றோருடனோ மீண்டும் கலக்க வேண்டும். கிளையின் கோணத்தைத் தண்டு இறுகும்வரை முடிவுசெய்ய முடியாது என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆண்டுகள் கழியும். வருங்காலத்தில் மரபணுக் குறிகளைக் கொண்டு நாற்றுப் பருவத்திலேயே படரும் செடிகளைப் பிரித்தெடுப்பது நடைமுறைக்கு வந்தால் இந்தக் காத்திருப்பு பெரிதும் குறையும். தேர்ந்த ஒரு செடி கிடைத்தபின் வேலை எளிது: விதை வழியாகப் பெருக்கினால் குணம் சிதறிவிடும், ஆகவே தண்டுக் குச்சிகளை வேரூன்ற வைத்து, அச்சு மாறாத பிரதிகளாகப் பெருக்குகிறார்கள். புதிய ரகத்துக்கு உரிமை கோருபவர், அது ஏற்கனவே உள்ள ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபடுகிறது, செடிக்குச் செடி ஒருபடித்தானது, மீண்டும் மீண்டும் பெருக்கினாலும் நிலைத்திருப்பது என்று காட்ட வேண்டும். புதிய தாவர ரகங்களின் உரிமையைக் காக்க 1961-இல் கையெழுத்தான யூபோவ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை வகுத்த அளவுகோல்கள் இவை.

இந்த அளவுகோல்களில் மணம் கட்டாயமாக இடம்பெறவில்லை என்பதே என் மனக்குறை. கிளையின் கோணம், இலையின் நீளம், பூவின் நிறம் ஆகியவை அளவுகோலுக்கும் நிற அட்டைக்கும் எளிதில் அடங்கும். இலையைக் கசக்கினால் என்ன வருகிறது என்பதை அளக்க ஆய்வகமும் செலவும் வேண்டும். அதனால் அழகுச் செடியாக விற்பனைக்கு வரும் படரும் ரகங்களில் மணம் தற்செயலுக்கு விடப்படுகிறது. வாங்குபவரோ பெரும்பாலும் இரண்டையும் விரும்புகிறார்: கண்ணுக்குத் திரைபோல் தொங்க வேண்டும், சமையலுக்கு ஒரு கொத்துக் கிள்ளவும் வேண்டும்.

ரோஸ்மேரியின் நறுமண எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் சேர்ந்திருக்கிறது. இலை விளிம்பு உட்பக்கமாகச் சுருண்டு, அடிப்பக்கத்தில் வெண்மையான பஞ்சுமயிர் அடர்ந்திருப்பதால், அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தால்தான் முழு மணமும் எழும். எண்ணெயின் முதன்மைக் கூறுகள் சினியோல், கற்பூரம், ஆல்ஃபா பைனீன், போர்னியால், சில வகைகளில் வெர்பெனோன். இவற்றின் விகிதம் மாறும்போது செடியின் மணமும் முழுக்க மாறிவிடுகிறது. சினியோல் மேலோங்கினால் யூகலிப்டஸை நினைவூட்டும் குளிர்ச்சி. கற்பூரம் மேலோங்கினால் மருந்துநெடி. பைனீன் மிகுந்தால் ஊசியிலை மரத்தின் பிசின் மணம். வெர்பெனோன் கொண்டவையே மென்மையானவை.

‘ஐரீன்’ என் மூக்குக்குப் பைனீன் பக்கமே சாய்கிறது. கசக்கிய கணத்தில் பிசின் மணம் முதலில் வருகிறது. அதன் பின்னால் கற்பூரத்தின் கூர்மை மெல்லத் தலைகாட்டி நீண்ட நேரம் விரலில் தங்குகிறது. நிமிர்ந்து வளரும் நல்ல சமையல் ரகங்களில் இருக்கும் இனிய, உருண்டையான மணம் இதில் இல்லை. அதிகம் சேர்த்தால் உணவில் கசப்பு ஏறும். இளநுனிகளை மட்டும் கிள்ளி, குறைந்த அளவில் பயன்படுத்தினால் குறை தெரியாது. வெயிலும் வறட்சியும் கூடும் காலத்தில் மணம் செறிவதும், தொடர்ந்து நீர் ஊற்றி உரமிட்ட செடியில் தளர்ந்து வெளிறுவதும் எல்லா ரோஸ்மேரிக்கும் பொது. ஆகவே ஒரு நாற்றங்காலில் கொழுகொழுவென்று நிற்கும் செடியை முகர்ந்து பார்த்து ரகத்தின் மணத்தைத் தீர்மானிக்க வேண்டாம். சில வாரங்கள் வெயிலில் சற்றுக் காயவிட்டுப் பிறகு முகர்வதே நியாயமான சோதனை.

பூவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆழ்ந்த ஊதா நீலம், ஏராளம், தேனீக்கள் விடுவதில்லை. வெளிறிய நீலப் பூக்களைத் தரும் பழைய படரும் செடிகளை விட இது ஒரு படி மேல்.

குறைகளில் முதன்மையானது அடித்தண்டின் வெறுமை. ரோஸ்மேரியின் எந்த ரகத்திலும் இலை முற்றிலும் உதிர்ந்த பழைய கட்டையிலிருந்து புதுத் துளிர் வருவது அரிது. நிமிர்ந்த செடியில் அந்தக் கட்டை அடியில் மறைந்துவிடும். தொங்கும் செடியிலோ தொட்டியின் மேற்பரப்பிலேயே, கண்ணுக்கு நேராகக் கிடக்கிறது. ‘ஐரீன்’ வேகமாக நீள்வதால் இந்தச் சிக்கல் இதில் சீக்கிரமே தலைதூக்குகிறது: நுனியில் அடர்த்தி, நடுவில் சடைமுடி, மேலே வெறுங்குச்சி. பூ முடிந்ததும் ஒவ்வொரு தண்டையும் பச்சை இலை இருக்கும் பகுதிக்குள்ளாகவே மூன்றில் ஒரு பங்கு கத்தரித்து வந்தால் கிளைகள் பெருகி வெறுமை தள்ளிப்போகும். கத்தரிக்க மனம் வராதவர்களுக்கு இந்த ரகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது வேர். தொங்கு தொட்டியில் காற்று நாற்புறமும் படுவதால் மண் விரைவில் காயும். காய்ந்ததைக் கண்டு பயந்து தினமும் ஊற்றினால் வேர் அழுகும். இரண்டுக்கும் இடையே தப்பிக்க, நீர் உடனே வடியும் கலவையே வழி. கரடுமுரடான மணலோ உடைந்த எரிமலைக்கல்லோ பாதிக்குக் குறையாமல் இருக்கலாம். மேல்மண் விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகு, அடியில் வடியும்வரை ஊற்றிவிட்டு, மீண்டும் காயும்வரை விட்டுவிட வேண்டும். காற்றோட்டம் குறைந்த இடத்தில் இலைகளின்மேல் வெண்ணிறச் சாம்பல் நோய் படியும். அடர்ந்து தொங்கும் திரையின் உட்புறத்தில் அது தொடங்குவதால் கண்ணில் படும்போது பாதி பரவியிருக்கும். இந்த நோய்க்கு எதிர்ப்புத் தன்மையைத் தேடித் தேர்வு செய்வது, அடுத்த ரகத்தை உருவாக்குபவர்கள் நிறக் கலவையை விட முதலில் கவனிக்க வேண்டிய ஒன்று.

பெருக்குவதில் எந்தக் குறையும் காண முடியவில்லை. மண்ணைத் தொடும் தண்டு தானாகவே கணுவில் வேர்விடுகிறது. அதன்மேல் ஒரு கல்லை வைத்துப் பதியன் போட்டால் தோல்வி அபூர்வம். குச்சி நடுவதானால் பூவில்லாத இளநுனியை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவி, ஈரமான மணல் கலவையில் நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். காப்புரிமை காலாவதியானதால் ‘ஐரீன்’ செடியை இவ்வாறு பெருக்கத் தடை இல்லை. ஆனால் உரிமை நடப்பில் இருக்கும் புதிய படரும் ரகங்களைப் பெருக்கி விற்பதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதைச் சீட்டில் அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்துவிடுவது நல்லது.

கடைசியாகக் குளிர். படரும் ரகங்கள் பொதுவாக உறைபனியைத் தாங்குவதில் நிமிர்ந்தவற்றை விட வலுக்குறைந்தவை. ‘ஐரீன்’ அவற்றுக்குள் உறுதியானது என்றாலும் கடும் பனி நீடிக்கும் இடத்தில், அதிலும் வேர் குளிருக்கு நேராகத் திறந்திருக்கும் தொங்கு தொட்டியில், அதை வெளியே விடக்கூடாது. 1972-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்ப் என்ற ஊரில் மடலீன் ஹில் கண்டெடுத்த ‘ஆர்ப்’ ரகம் கடுங்குளிரைத் தாங்குவதில் இன்றும் பேர்பெற்றது. ஆனால் அது நிமிர்ந்து, சற்றுத் தளர்வாக வளரும் செடி. ‘ஆர்ப்’ செடியின் குளிர்தாங்கும் வலுவையும் ‘ஐரீன்’ செடியின் கோணத்தையும் வெர்பெனோன் மிகுந்த ஒரு சமையல் ரகத்தின் மணத்தையும் ஒரே செடியில் சேர்ப்பதற்கு இரண்டு சுற்றுக் கலப்பாவது வேண்டும். அந்தச் செடி சந்தைக்கு வரும்வரை, பனி விழும் இடங்களில் இருப்பவர்கள் ‘ஐரீன்’ செடியைத் தூக்கி உள்ளே வைக்கத்தக்க எடையுள்ள தொட்டியில் மட்டுமே நட வேண்டும். பனி இல்லாத இடங்களில் வெயில் படும் உயரமான சுவரின் மேல்விளிம்பு அதற்கு ஏற்ற இடம்; சமையலுக்கான ரோஸ்மேரியைப் பக்கத்தில் வேறொரு தொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.